பொருந்தாது என்று சொன்னது யார்?

தமிழ் படித்தவர்களிடையே ஒரு விசித்திரமான பெருமிதம் உண்டு. ‘கணிப்பொறியா? அதெல்லாம் நமக்கு ஒன்றும் தெரியாது, பையன் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லிக்கொள்வதில் உள்ள பெருமிதம் அது. அச்சில் ஓரெழுத்துப் பிழைபட்டால் பதிப்பாசிரியரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் நாம், நாள்தோறும் மணிக்கணக்காகத் தட்டச்சு செய்யும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறியாதிருப்பதை இலக்கியவாதியின் இலட்சணமாகவே கொண்டிருக்கிறோம். அந்தப் பெருமிதத்துக்கு எதிராகவே இக்கட்டுரை. உதிரிபாகங்களைப் பொருத்தம் பார்த்துத் தேர்ந்து ஒரு மேசைக் கணினியைக் கட்டத் தெரிந்திருப்பதை இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது பிழை. ‘இது இதற்குப் பொருந்தாது’ என்று யாராவது சொல்லும்போது, அதைச் சொன்னது பொருளா, வியாபாரியா என்று பிரித்தறியும் தகுதி அது. அந்தத் தகுதியை இழந்துவிட்டால் நம் பணமும் போகும். நம் எழுத்தும் பிறர் தயவில் நிற்கும்.

இலக்கிய வாசகர்களிடம் இதையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள வேண்டும். பொருத்தம் என்ற சொல்லே நம் வீட்டுச் சொல்தான்.

*

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் சமூகம் இது. பாட்டுக்கும் பத்துப் பொருத்தம் பார்த்திருக்கிறது. வெண்பாப் பாட்டியல் முதலிய நூல்கள், பிரபந்தத்தின் முதற்சொல்லுக்கு மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் எனப் பத்தை வகுத்தன. பாட்டுடைத் தலைவனுக்கு இந்த எழுத்து ஆகும், இந்த எழுத்து ஆகாது. ஆகாத எழுத்தில் தொடங்கினால் தலைவனுக்குக் கேடு. ஏன் ஆகாது என்று கேட்க இடமில்லை. நூல் சொல்கிறது, அவ்வளவே.

இதற்கு நேர் எதிரே தொல்காப்பியம் சொல்லும் புணர்ச்சி இருக்கிறது. நிலைமொழியின் ஈறு இன்னது, வருமொழியின் முதல் இன்னது என்றால், இடையே இன்னது நிகழும் என்பது எவரும் வாய்விட்டுச் சொல்லிச் சோதிக்கக்கூடிய விதி. இரண்டு உயிர்கள் நேரே சேர மறுத்தால், யகரமோ வகரமோ உடம்படுமெய்யாக வந்து சேர்த்துவைக்கிறது. இதற்கு நாவே சாட்சி. ஆசிரியன் சொன்னான் என்று நம்ப வேண்டியதில்லை.

ஆக, பொருத்தம் இருவகைப்படும். சோதித்து அறியக்கூடியது ஒன்று. ஆணையென ஏற்றுக்கொள்ள வேண்டியது மற்றொன்று. கணிப்பொறிச் சந்தையில் இவ்விரண்டும் ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. முதல் வகையை அறியாதவன் இரண்டாம் வகையை அடையாளம் காண இயலாது.

கொரட்டூரில் வசிப்பவர்களுக்கு முதல் வகையை விளக்கவே தேவையில்லை. ஒரு பக்கம் பாடி, மறுபக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ் ஆகிய ஆலைகள் பாடியில். 1960களில் எழுந்த தொழிற்பேட்டையிலோ உதிரிபாகம் செய்து தரும் எண்ணற்ற சிறு பட்டறைகள். அங்கே லேத்தில் நிற்பவர், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினால் தண்டு துளைக்குள் இறங்காது என்பதைக் கைப்பழக்கத்தில் அறிந்தவர். அவர் கடைந்த பாகம், அவர் ஒருநாளும் காணாத ஒருவர் வேறோர் ஊரில் செய்த பாகத்தோடு போய்ச் சரியாகப் பொருந்துகிறது. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் எல்லாத் திருகுகளுக்கும் ஒரே புரியளவு வேண்டுமென்று முன்மொழிந்தார். அந்த மரபின் தொடர்ச்சி இது.

இப்படிப் பொருத்தத்தை விற்றே சோறுண்ணும் ஊரில், அதே தொழிலாளி தம் மகளுக்குக் கணினி வாங்கப் போனால், ‘சீல் பிரிக்காத பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதெல்லாம் உங்களுக்குப் புரியாது’ என்கிறார்கள். நம் கோபம் இங்கிருந்தே தொடங்குகிறது.

*

வேறு வேறு ஆலைகளில் பிறந்த பாகங்கள் ஒரு பெட்டிக்குள் ஒன்றுகூடுவது எப்படிச் சாத்தியமாயிற்று? எவருடைய கருணையாலும் அன்று. 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணினியை, பெரும்பாலும் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே அவசரமாக உருவாக்கியது. மின்சுற்று வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் கையேட்டில் அச்சிட்டு விற்றது. அந்த நிரலுக்குப் பதிப்புரிமை இருந்தமையால், 1982இல் காம்பாக் நிறுவனம் அதைப் படியெடுக்காமல், அதே வேலையைச் செய்யும் வேறொன்றைத் தனியே எழுதி, தன் கணினியை அறிவித்தது. ‘ஐபிஎம் கம்பேட்டிபிள்’ என்ற தொடர் இப்படித்தான் உலகெங்கும் பரவியது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் அளவுமுறை, மதர்போர்டின் திருகுத்துளைகள் எங்கே, மின்செருகி எப்படி, கேபினட்டின் பின்புறத் திறப்பு எவ்வளவு என்று வரையறுத்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் அந்த அடிப்படை அளவுகள் உயிரோடு இருக்கின்றன.

இந்தியாவில் 1984இல் வந்த கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகில், வானொலி உதிரிபாகங்கள் விற்றுக்கொண்டிருந்த ரிச்சி தெரு கணிப்பொறிச் சந்தையாக உருமாறியது. கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எட்டிவிடும் தொலைவு. 1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும் மேற்குப் புறநகரின் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த முதற்கணினிகளில் பல, மடியில் வைத்த அட்டைப்பெட்டிகளாக அந்த ரயிலில் வந்தவையே. இன்று நாம் கொண்டாடும் இணையத் தமிழின் முதல் தலைமுறை எழுத்தில் கணிசமான பகுதி இத்தகைய ‘அசெம்பிள்டு’ இயந்திரங்களில் பிறந்தது. அந்தச் சொல்லைத் ‘தரம் குறைந்தது’ என்ற பொருளில் உச்சரிக்கும் வழக்கம் பின்னால் வந்தது. அதை வளர்த்தது யார் என்று ஊகிக்க மேதாவிலாசம் தேவையில்லை.

*

சோதித்து அறியும் பொருத்தம் எப்படிப்பட்டது என்று சற்று விரிவாகவே பார்ப்போம். இதில் மாயம் எதுவும் இல்லை. ஊன்றி வாசிக்கும் பழக்கம் மட்டுமே வேண்டும்.

மதர்போர்டை நிலைமொழி என்றும் பிராசசரை வருமொழி என்றும் கொள்ளுங்கள். இரண்டுக்கும் சாக்கெட் ஒன்றாயிருக்க வேண்டும் என்பது முதல் விதி. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் எல்ஜிஏ 1700 என்ற சாக்கெட்டில் அமர்பவை. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை ஏஎம்4இல், 7000 வரிசை ஏஎம்5இல். சாக்கெட் ஒன்றானாலும் போதாது. 12ஆம் தலைமுறை வந்தபோது தயாரான போர்டு, 14ஆம் தலைமுறைப் பிராசசரை அடையாளம் காண அதன் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பயாஸ்தான் இங்கே உடம்படுமெய். அது பழையதாயிருந்தால் திரை இருண்டே கிடக்கும். கடைக்காரர் ‘போர்டு டெட்’ என்பார். நீங்களும் நம்பி இன்னொன்றுக்குப் பணம் கொடுப்பீர்கள். சில போர்டுகளில் பிராசசரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் வசதி உண்டென்று அறிந்தவர் அந்தப் பணத்தை இழக்கமாட்டார்.

ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். பிராசசர் பெயரிலும் அப்படியே. இன்டெல்லின் பெயரீற்றில் ‘எஃப்’ இருந்தால் அதனுள் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இயங்காது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 5600க்கு அந்தப் பகுதி இல்லை. ‘ஜி’ ஈற்றுடைய 5600ஜிக்கு உண்டு. கட்டுரை தட்டச்சு செய்யவும் மெய்ப்புப் பார்க்கவும் கணினி கேட்டு வந்தவருக்கு ‘எஃப்’ ஈற்றுப் பிராசசரை விலை குறைவென்று கொடுத்து, பிறகு கிராபிக்ஸ் கார்டையும் தலையில் கட்டுவது பழைய தந்திரம்.

ராமில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு. மேசைக் கணினிக்கான வடிவில் இரண்டுக்கும் 288 தொடுமுனைகளே. ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் துளையில் மற்றொன்று இறங்காது. எல்ஜிஏ 1700 பிராசசர்கள் இரண்டையும் ஏற்பவை. போர்டோ ஒன்றைத்தான் ஏற்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசித்தால் தீர்ந்தது. எம்.2 என்று பெயர் சொல்லும் எஸ்எஸ்டியிலும் சாட்டா வகை, என்விஎம்இ வகை என இரண்டு உண்டு. வடிவம் ஒத்திருந்தும் போர்டின் துளை ஒன்றை மட்டுமே ஏற்பதாக இருக்கலாம். கூலரின் உயரமும் கேபினட் அனுமதிக்கும் உயரமும் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை ஒப்பிடாமல் வாங்கி, பக்கக் கதவைச் சாத்த முடியாமல் திறந்தே போட்டிருக்கும் கணினிகளை எத்தனையோ வீடுகளில் காணலாம்.

யாரும் பேசாத பொருத்தம் ஒன்றுண்டு: கணினிக்கும் வீட்டுக்கும் உள்ள பொருத்தம். கேபினட்டோடு சேர்ந்து மலிவாக வரும் எஸ்எம்பிஎஸ், அட்டையில் எழுதிய வாட்டைத் தருமென்று நம்ப முடியாது. 600 விஏ என்று எழுதிய யுபிஎஸ் 600 வாட் தராது; பொதுவாகத் தருவது 360 வாட்தான். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, மலிவான யுபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ மின்னலையில் முரண்டுபிடித்து அணைந்துவிடும். சித்திரை வெயிலில், அறைக்குள்ளேயே வெப்பம் 35 பாகையைத் தொடும் மாடி வீட்டில், குளிரூட்டிய அறையில் சோதித்த இயந்திரத்தின் கணக்குகள் செல்லா. இவற்றை எந்த நிறுவனத்தின் விளம்பரமும் சொல்லாது. உங்கள் வீட்டை அறிந்தவர் நீங்களே.

மேற்சொன்னவை அனைத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுவிடலாம். நன்னூலின் எழுத்ததிகாரத்தைவிட எளிது.

*

இனி இரண்டாம் வகை. 2017 அக்டோபரில் இன்டெல் தன் 8ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களை வெளியிட்டது. சாக்கெட் அதே எல்ஜிஏ 1151. தொடுமுனைகள் அதே 1151. ஆயினும் முந்தைய ஆண்டுகளின் போர்டுகளில் இவை ஓடா, புதிய போர்டே வேண்டும் என்றது. மின்சாரம் செல்லும் முனைகளின் ஒதுக்கீட்டை மாற்றியிருப்பதாகக் காரணம் சொன்னது. ஆர்வலர்கள் சிலர் பழைய போர்டின் பயாஸைத் திருத்தி, தேவையான இடங்களில் சில முனைகளை மறைத்தும் இணைத்தும், புதிய பிராசசரை ஓட்டியே காட்டினர். பொருந்தாது என்றது சிலிக்கான் அன்று என்பது அன்றே வெளிச்சமாயிற்று.

2020 மே மாதம் ஏஎம்டியின் முறை. வரவிருக்கும் ரைசன் பிராசசர்கள் 400 வரிசைப் போர்டுகளில் இயங்கா என்று அறிவித்தது. பயாஸ் சில்லில் இடம் போதவில்லை என்பது காரணம். போர்டை நம்பி வாங்கியவர்கள் உலகெங்கும் கேள்வி எழுப்பினர். வெறும் கூச்சல் அன்று அது. எந்த சில்லில் எவ்வளவு இடம், எந்தப் பழைய பிராசசரின் ஆதரவை நீக்கினால் எவ்வளவு மிச்சமாகும் என்ற கணக்கோடு கேட்டனர். இரண்டே வாரத்தில் நிறுவனம் பின்வாங்கியது. 2022இல் அதற்கும் முந்தைய 300 வரிசைப் போர்டுகளுக்கும் கதவு திறந்தது. 2017இல் வாங்கிய போர்டில் ஐந்தாண்டுக்குப் பிந்தைய பிராசசர் அமர்ந்தது. ‘முடியாது’ என்றது எப்படி ‘முடியும்’ ஆயிற்று? இயற்பியல் விதி இரண்டு வாரத்தில் மாறிவிடவில்லை. கேட்டவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. மாறியது அது ஒன்றுதான்.

மூன்றாவதே நம் கல்லூரிகளையும் வீடுகளையும் நேரே தாக்கியது. 2021இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்டது. அதோடு இன்டெல்லில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றையும், ஏஎம்டியில் முதல் தலைமுறை ரைசனையும் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. பாதுகாப்பு முக்கியம் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் டிபிஎம் 2.0 வசதியைத் தன்னுள்ளேயே கொண்ட 6, 7ஆம் தலைமுறை இயந்திரங்களும் தள்ளப்பட்டன. 7ஆம் தலைமுறையில் விதிவிலக்குப் பெற்ற சிலவற்றுள் ஒன்று 7820எச்க்யூ என்ற பிராசசர். மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2இல் இருந்தது அதுவே. பாட்டுடைத் தலைவனுக்கு மட்டும் எழுத்துப் பொருத்தம் அமைந்துவிட்டது!

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு நிபந்தனைகளோடு ஓராண்டு நீட்டிப்பை அறிவித்தார்கள். இதன் பொருள் என்ன? நேற்றுவரை பாடத்திட்டம் தட்டச்சு செய்த, வினாத்தாள் தயாரித்த, ஒரு பாகமும் பழுதாகாத இயந்திரங்கள் ஓர் அறிவிப்பால் ‘பொருந்தாதவை’ ஆயின. அவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அவற்றில் உள்ள ஈயமும் பிறவும் நம் மண்ணுக்கே வருகின்றன. லினக்ஸ் நிறுவினால் அவற்றில் பல இன்னும் பல்லாண்டு ஓடும். ராமையும் எஸ்எஸ்டியையும் கூட்டினால் வேகமும் பெறும். இதை எழுந்து சொல்ல அந்த நிறுவனங்களின் கொள்முதல் கூட்டங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அங்கே அமர்ந்திருக்கும் தமிழாசிரியர், ‘அதெல்லாம் நமக்குத் தெரியாது’ என்று பெருமிதத்தோடு கையொப்பமிடுகிறார்.

*

இது இயந்திரத்தோடு நிற்கும் விவகாரம் என்று எண்ணுவோர் தமிழ் எழுத்துருக்களின் கதையை நினைவுகூர வேண்டும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம் என்றிருந்த காலம் அது. ஒருவர் அனுப்பிய கவிதை மற்றவர் திரையில் சதுரங்களாகவும் கோணல் குறிகளாகவும் விரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் பரிந்துரைத்தது. இணைய ஆர்வலர்கள் கூடி வகுத்த டிஸ்கி மறுபுறம் வழங்கியது. பின்னர் யூனிகோடு வந்தது. 2010இல் தமிழக அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது.

இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ் எழுத்தைக் காத்தவர்கள் யார்? ‘எழுத்துரு என் வேலையன்று’ என்று சொல்லாமல், அட்டவணையைத் திறந்து, எந்த எண்ணில் எந்த எழுத்து என்று பார்த்து, பொங்குதமிழ், என்எச்எம் போன்ற மாற்றிகளை எழுதியவர்கள். அவர்கள் இல்லாவிடில் அக்காலச் சிற்றிதழ்க் கோப்புகளில் எத்தனை இன்று வாசிக்கக் கிடைத்திருக்கும்? உறையைத் திறந்து பார்க்கும் அந்தத் துணிவே பெட்டியைத் திறக்கும் துணிவும். இரண்டும் வேறல்ல.

*

மறுப்புகளை அறிவோம். ‘சொந்தமாகக் கட்டினால் விலை குறையும் என்பது பொய்’ என்பர். பல நேரம் உண்மைதான். மொத்தமாக வாங்கும் பெருநிறுவனத்தோடு தனிமனிதர் விலையில் போட்டியிட இயலாது. நம் வாதம் விலையைச் சார்ந்தும் இல்லை. 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால் ராமின் விலை தாறுமாறாக ஏறியது. பாகம் பாகமாகக் கட்டத் தெரிந்தவர் பழைய கணினியின் டிடிஆர்4 ராமைக் கழற்றி, அதை ஏற்கும் போர்டைத் தேர்ந்து சமாளித்தார். அல்லது ஒரு துண்டு மட்டும் போட்டு, மற்றதைப் பின்னாளுக்கு வைத்தார். ராமைப் போர்டிலேயே பற்றவைத்த மெல்லிய கணினி வாங்கியவருக்கு அந்த வழி இல்லை.

‘ரிச்சி தெருவில் ஏமாற்றுகிறார்கள்’ என்பது அடுத்தது. போலி சரக்கும் திருட்டு விண்டோஸும் புழங்கியதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அறியாதவன் எங்கும் ஏமாறுவான். குளிரூட்டிய கடையில் ரசீதோடு ஏமாறுவான். ‘வாரண்டி போய்விடும்’ என்பது மூன்றாவது. பாகம் பாகமாக முறையான ரசீதுடன் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி உண்டு. ராமுக்கு மூன்றாண்டுக்கு மேலும் தரும் நிறுவனங்கள் பல. ‘நேரமில்லை’ என்பது நான்காவது. தொலைக்காட்சித் தொடரின் நேரத்தை அறிந்தவர்களிடம் அதற்கு மறுமொழி சொல்லத் தேவையில்லை.

2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஓர் இணையவாயில் திறந்தது. உரிமையைக் காகிதத்தில் தரலாம். திருப்புளியைக் கையில் எடுப்பது நம் பொறுப்பு.

ஆகவே நாம் கோருவன சில. கணினி வாங்குவோர் ‘ஒரு நல்ல செட் கொடுங்கள்’ என்று கேட்பதை விடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் முழுப்பெயரையும், கடைசி எழுத்துவரை, தாளில் எழுதி வாங்குங்கள். போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பிராசசர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு பணம் கொடுங்கள். கல்லூரிகளில் கணினிகளைக் கழிக்கும் தீர்மானம் வரும்போது, எந்தப் பாகம் பழுது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். ‘பொருந்தாது’ என்பது பதிலாக வந்தால், எதற்கு, எந்த அளவில், யார் சொல்லி என்று அடுத்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் ஒரு கையேட்டையாவது தமிழில் எழுதுங்கள். அம்பத்தூர்ப் பட்டறையில் வெர்னியர் பிடிக்கும் கைக்கு அது மிக எளிதாகவே விளங்கும்.